மெட்டுத் தேய்ந்த வீணை

பழம்பாடல்களைப் பற்றியே இவ்வட்டத்தில் பேசிவந்த எனக்கு, இன்று ஒரு பழைய வீணையைப் பற்றிப் பேச இசைவளித்தமைக்கு நன்றி.

என் அன்னையார் 1962ஆம் ஆண்டு தஞ்சையில் வாங்கிய பலாமர வீணை அது. அவர் மறைந்தபின், கேளம்பாக்கத்து இல்லத்தில் உறையிட்டபடியே கிடந்தது. உப்பளக் காற்றில் தந்திகள் துருவேறின, கோடை வெம்மையில் மெழுகு இளகி மெட்டுகள் சாய்ந்தன, சுரைக்குடுக்கை வெடித்தது.

பழுது பார்க்கச் சென்ற ஒரு கடையில், மரப் பிரடைகளை நீக்கி உலோகத் திருகுகள் பொருத்தலாம், கண்ணாடியிழைக் குடுக்கை வைக்கலாம் என்றனர். புது வீணைக்கு அவை நல்ல வசதிகளே. எனினும் என் மனம் ஒப்பவில்லை. 1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்டிராட்டோகாஸ்டர் மின்கித்தாரைப் புதுக்குவோர், அக்காலத்துத் திருகாணியையே தேடி அலைவர். அந்தப் பித்து எனக்கும் பிடித்திருந்தது.

தஞ்சைக் கைவினைஞர் ஒருவர் காய்ந்த சுரைக்காயே தேடிக் கொணர்ந்தார். ஆனால் மெட்டுகளில் ஒரு தடை எழுந்தது. அன்னையார் ஓயாது வாசித்த இடங்களில் தந்தி அறுத்த பள்ளங்கள் இருந்தன. அவற்றை அராவ வேண்டா என்றேன்.

“பள்ளம் இருந்தா சுரம் இரையும் அம்மா. வாசிக்கணுமா, பாத்துக்கிட்டு இருக்கணுமா?” என்றார்.

விடை கூற எனக்கு ஒரு நாள் ஆயிற்று. அராவச் சொன்னேன். அரத்திற்குத் தாங்காத இரண்டு மெட்டுகள் மாற்றப்பட்டன. பின்னர்த் தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் கலந்து, தண்டியின் இருமருங்கும் மெழுகுச் சுவர் எழுப்பி, 24 மெட்டுகளையும் செவியால் சுரம் தேர்ந்து பதித்தார். இதனை மேளம் கட்டுதல் என்பர்.

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. தாமே பாடி அவர் அவற்றை நிரப்பவில்லை. ஏடு வெற்றிடத்தைத் தாங்கும், வீணை தாங்காது. ஒரு மெட்டு இல்லையேல் அவ்விடத்துச் சுரம் இல்லை. ஆகவே அப்பதிப்பாசிரியரின் நேர்மையை வேறு வழியில் பின்பற்றினேன். எது பழையது, எது புதியது, என்று மாற்றியது என எழுதி, கழற்றிய இரு மெட்டுகளோடு வீணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

பழைய யாப்பை எடுத்தாளும் கவிஞர்களிடம் நான் வேண்டுவதும் இதுவே: அது ஒலிப்பதற்கு வேண்டியதை மாற்றுங்கள், மாற்றியதை மறைக்காதீர்கள்.

இப்போது அந்த வீணையில் என் மகள் சரளி வரிசை வாசிக்கிறாள். புதிய பள்ளங்கள் விழத் தொடங்கும்.