நூலும் சோதனையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

எளிய விஞ்ஞான நூல்களும் வாழ்க்கை முன்னேற்ற நூல்களும் நமக்குக் கற்பிப்பவை யாவை என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்திருக்கிறார்கள். நம் காலனி வீடுகளில் சமய நூல்களுக்கும் பாடப் புத்தகங்களுக்கும் அடுத்தபடியாக அலமாரியில் இடம் பெறுபவை இவ்விரு வகை நூல்களே. அதற்குக் காரணமும் உண்டு. பிறந்த ஊரில் நிலமும் சுற்றமும் தரும் துணை நமக்கு இங்கே இல்லை. கல்வி ஒன்றையே முதலாகக் கொண்டு வந்தவர்கள் நாம். ஆகவே இத்தகைய நூல்களைப் பிள்ளைகளின் கையில் ஆவலோடு கொடுக்கிறோம். கொடுப்பது நன்று; அவற்றைப் படிக்கும் முறையையும் உடன் கொடுப்பது அதனினும் நன்று.

அம்முறைக்கு மைக்கேல் பாரடேயின் இளமையைக் காட்டிலும் சிறந்த சான்று எனக்குத் தோன்றவில்லை. 1791-இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த அவர், பதினான்காம் வயதில் லண்டனில் புத்தகம் கட்டும் தொழிலாளியிடம் ஏழாண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படிக்கவும் தலைப்பட்டார். அவற்றுள் ஒன்று, ஜேன் மார்செட் என்னும் அம்மையார் தம் பெயரை வெளியிடாமல் எழுதிய ரசாயன நூல்; 1806-ஆம் ஆண்டினது. ஓர் ஆசிரியை இரண்டு பெண்களுக்கு உரையாடல் வாயிலாகப் பாடம் சொல்வதாக அமைந்தது அது. இன்னொன்று, ஐசக் வாட்ஸ் என்னும் சமய குரு 1741-இல் வெளியிட்ட மனத்தை மேம்படுத்துவது பற்றிய நூல். ஒன்று எளிய விஞ்ஞானம். மற்றொன்று வாழ்க்கை முன்னேற்றம். நம் தலைப்பு முழுவதும் அவ்விளைஞரின் கையிலேயே இருந்ததன்றோ!

அவர் அவற்றை எவ்வாறு படித்தார் என்பதே நாம் நோக்கத் தக்கது. மார்செட் அம்மையார் கூறியவற்றுள் தம் சிறு வசதிக்கு இயன்றவற்றைத் தாமே சோதித்துப் பார்த்து, உண்மை எனக் கண்ட பின்னரே அந்நூலை நம்பினார். 1812-இல் ஏழு அரைப்பென்னிக் காசுகளையும், துத்தநாகத் தகடுகளையும், உப்பு நீரில் நனைத்த காகிதத்தையும் அடுக்கி மின்கலம் ஒன்று செய்தார். வாட்ஸ் கூறியதையும் அவர் ஏட்டளவில் விடவில்லை. உற்று நோக்கல், படித்தல், சொற்பொழிவு கேட்டல், உரையாடல், சிந்தித்தல் என்னும் ஐந்தையும் அறிவு வளர்வதற்குரிய வழிகளாக வாட்ஸ் வகுத்திருந்தார். பாரடே குறிப்பேடு வைத்தார். ஒத்த கருத்துடைய நண்பர் ஒருவரோடு விஞ்ஞானக் கடிதங்கள் பரிமாறினார். தமையனார் தந்த ஒவ்வொரு ஷில்லிங்கைக் கொண்டு மாலைநேரச் சொற்பொழிவுகளுக்குச் சென்றார். ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளைத் தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் ஆனார். 1831-இல் அவர் கண்ட மின்தூண்டல் தத்துவத்தைக் கொண்டே இன்றும் அனல் மின்நிலையங்களிலும் புனல் மின்நிலையங்களிலும் மின்னாக்கிகள் இயங்குகின்றன. புகழ் பெற்ற பின்னரும் மார்செட் அம்மையாரை அவர் தம் முதல் ஆசிரியராகவே போற்றினார்.

நிற்க. ஒரு நூல் கூறுவதைச் சோதியாமல் ஏற்றால் நேர்வது யாது? இன்று முன்னேற்ற நூல்கள் பலவற்றில் காணப்படும் ஒரு கூற்றை எடுத்துக் கொள்வோம். எந்தப் பழக்கமும் இருபத்தொரு நாளில் படிந்துவிடும் என்பது அது. அதன் மூலத்தைத் தேடினால், 1960-இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதிய நூலை அடைகிறோம். அவர் முக அமைப்பைத் திருத்தும் அறுவை நிபுணர். மாறிய தம் முகம் நோயாளிக்குப் பழகுவதற்குக் குறைந்தது இருபத்தொரு நாளேனும் ஆகிறது என்பதே அவர் கண்டது. வாய்மாறிச் செல்லுகையில் ‘குறைந்தது’ என்னும் சொல் உதிர்ந்தது. முகத்தைப் பற்றியது எல்லாப் பழக்கத்தையும் பற்றியதாயிற்று.

லண்டனில் பிலிப்பா லாலி என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் தோழர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. தொண்ணூற்றாறு பேர் தத்தமக்கு ஏற்ற ஒரு சிறு செயலை நாள்தோறும் ஒரே வேளையில் செய்து வந்தனர். செயல் தானே இயங்கும் நிலையை எய்துவதற்குக் கணக்கிடப்பட்ட காலம், ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடு அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெருங்கேடு விளையவில்லை என்பதும் புலனாயிற்று. இருபத்திரண்டாம் நாளில் விடியற்காலை எழ இயலாத மாணவன், தன்னிடம் மன உறுதி இல்லை எனச் சோர்ந்து போகிறான். குறை அவனிடத்தில் இல்லை. அவன் படித்த கணக்கில் இருக்கிறது. இதனை அவனுக்கு எடுத்துச் சொல்வது விஞ்ஞானத்தின் கடமை. பெற்றோரின் கடமையும் ஆகும்.

இனி, வெற்றி பெற்றோர் வரலாறுகளைக் கூறும் நூல்களுக்கு வருவோம். அவற்றைப் படிக்கும்போது ஆபிரகாம் வால்ட் என்னும் புள்ளியியல் அறிஞரை நினைவில் கொள்ளல் வேண்டும். 1943-இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே, குண்டடி பட்டுத் திரும்பி வந்த விமானங்களை அவர் நியூயார்க்கிலிருந்து ஆராய்ந்தார். அடிபட்ட இடங்களின் கணக்கு, திரும்பி வந்த விமானங்களின் கணக்கே. திரும்பாதவை அதில் இல்லை. ஆகவே வந்தவற்றில் காயம் அரிதாய்க் காணப்படும் உறுப்பே அபாயம் மிகுந்தது, அங்கே அடிபட்டவை வீழ்ந்திருக்கும் என்னும் வழியில் அவர் சிந்தித்தார். இவ்வறிஞர் 1950-இல் இந்தியாவில் சொற்பொழிவுப் பயணம் மேற்கொண்டபோது, நம் நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் மனைவியோடு உயிர் நீத்தார் என்பது வருந்தத் தக்கது. அவர் காட்டிய நெறி நமக்கு உரியது. படிப்பை இடையில் விட்டுப் பெருஞ்செல்வரான ஒருவரின் கதையைப் படிக்கும் இளைஞன், அவ்வாறே விட்டுத் துன்புற்றவர்கள் எத்தனை பேர் எனவும் வினவ வேண்டும். அவர்களுடைய வரலாறு அச்சேறுவதில்லை.

பெற்றோரும் ஒன்றைக் கருதல் வேண்டும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்பவர் சிறு குழந்தைகளின் முன்னே தின்பண்டம் ஒன்றை வைத்து, உண்ணாமல் காத்திருந்தால் இன்னொன்றும் கிடைக்கும் என்றார். பொறுத்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்தனர் என 1990-இல் வெளியான கட்டுரை கூறியது. முன்னேற்ற நூல்கள் அதனை விதியாகவே எழுதிவிட்டன. 2018-இல் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு வெளியான ஆய்வில் அத்தொடர்பு பாதியளவே காணப்பட்டது; குடும்பச் சூழ்நிலை முதலியவற்றையும் கணக்கில் எடுத்தபோது அதுவும் பெரிதும் சுருங்கியது. ஐந்து வயதுக் குழந்தை ஒரு மிட்டாய்க்கு அவசரப்பட்டதைக் கொண்டு அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்க நமக்கு உரிமை இல்லை.

முன்னேற்ற நூல்களை நான் இகழ்வதாக எவரும் கருத வேண்டா. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயரின் நூல்களைத் தமிழாக்கி ‘மனம்போல வாழ்வு’, ‘அகமே புறம்’ என நமக்குத் தந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். கோவைச் சிறையில் செக்கிழுத்த அப்பெருமகனார் ஆலனைத் தமிழாக்கத் தொடங்கியது சிறைவாசக் காலத்திலேதான். எந்த நூலுக்கும் அதனினும் கடுமையான சோதனை உண்டோ? சொல்பவர் எவராயினும் சொல்லின் உண்மையை நாடுவதே அறிவு என்று நம் வள்ளுவர் என்றோ வகுத்து வைத்தார். விஞ்ஞானம் நமக்குப் புதிய பண்பு ஒன்றையும் புகட்டவில்லை. நாம் மறந்ததையே நினைவூட்டுகிறது.

ஆகவே நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம் செய்து அமைகிறேன். நம் நூலகத்தில் மாதம் ஒரு மாலை, பெரியோரும் பிள்ளைகளும் ஒன்று கூடுக. ஒருவர் தாம் படித்த நூலிலிருந்து ஒரே ஒரு கூற்றை எடுத்துத் தமிழில் விளக்குக. அதனை முதலில் கண்டவர் யார், எத்தனை பேரைக் கொண்டு கண்டார், பின்னர் வேறெவரேனும் சோதித்தனரா, நாமே சோதிக்க இயலுமா என்னும் நான்கு வினாக்களைப் பிள்ளைகள் எழுப்புக. விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி நூலகத்தில் வைப்போம். பள்ளியில் வேற்று மொழியில் பயிலும் நம் செல்வங்களுக்கு, தமிழ் கதைக்கும் பாட்டுக்கும் மட்டும் உரியதன்று, ஐயம் எழுப்பவும் ஆராயவும் உரிய மொழி என்பது அந்த மாலையில் விளங்கும். அடுத்த ஆண்டு விழாவில் அக்குறிப்பேட்டை ஒரு மாணவரோ மாணவியோ இம்மேடையில் படித்துக் காட்டக் கேட்பதே என் விருப்பம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!