வெயிலா, காற்றா?



ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில், மன்னார் வளைகுடாவை ஒட்டி இருக்கிறது வாலிநோக்கம். 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனம் உப்பு விளைவிப்பது இங்கேதான். 2014-இல் அம்மா உப்பு என்ற பெயரில் கடைகளுக்கு வந்ததே, அது இந்த நிறுவனத்தின் சரக்கு.

உப்பு நன்றாக விளைய எது முக்கியம், வெயிலா, காற்றா? உப்பளத்துப் பக்கம் நின்று இப்படிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சித்திரை வெயிலில் பாத்தி வெளுத்ததைப் பார்த்தவர் வெயில் என்பார். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அம்பாரம் உயர்ந்ததைப் பார்த்தவர் காற்று என்பார். இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் சித்திரைக்கும் ஆடிக்கும் நடுவே மாறியது ஒன்றா இரண்டா? வெயில் மாறியது, காற்றின் வேகம் மாறியது, காற்றிலுள்ள ஈரம் மாறியது, பாத்தியில் பாய்ச்சிய நீரின் அடர்த்தி மாறியது. நடுவில் ஒரு கோடை மழை பெய்திருந்தால் கணக்கு அத்தனையும் கலைந்திருக்கும். இத்தனையும் சேர்ந்து மாறிய இடத்தில், ஒன்றுக்கு மட்டும் பெயரைக் கொடுப்பது நியாயமில்லை.

இந்தச் சிக்கலைப் பிரிக்கத்தான் அறிவியலில் மாறிகளை வகை பிரிக்கிறோம். நாம் வேண்டுமென்றே மாற்றிப் பார்ப்பது சாரா மாறி. அதனால் மாறுகிறதா என்று நாம் அளப்பது சார்ந்த மாறி. மற்றதெல்லாம் சோதனை முடியும்வரை நாம் பிடித்து வைத்திருக்க வேண்டிய கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். தேர்வுக்கு இந்த மூன்று வரி போதும். சோதனை செய்ய உட்கார்ந்தால் போதாது.

செய்தே பார்ப்போம். பள்ளிக் கண்காட்சிக்காக ஒரு மாணவி இரண்டு தட்டுகளில் கடல்நீர் ஊற்றுகிறாள். ஒன்றை மொட்டை மாடி வெயிலில் வைக்கிறாள், மற்றதை வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில். மறுநாள் மாடித் தட்டில் உப்பு பூத்திருக்கிறது, வீட்டுத் தட்டில் இல்லை. ஆகவே வெயில்தான் என்று அட்டையில் எழுதிவிடுகிறாள். மாடித் தட்டுக்கு வெயிலும் கிடைத்தது, கடற்காற்றும் கிடைத்தது என்பது அட்டையில் இல்லை. வீட்டுக்குள் மின்விசிறி இரவில் மூன்று மணி நேரம் நின்றுபோனதும் இல்லை. பார்வையாளர்கள் கைதட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் அவளுடைய கேள்விக்கு அந்தத் தட்டுகள் பதில் சொல்லவில்லை.

காற்றைச் சோதிப்பது என்றால் காற்றை மட்டும் மாற்ற வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் தாம்பாளங்கள். ஒரே வாளியில் மொண்ட கடல்நீர், ஏனென்றால் மன்னார் வளைகுடா நீரும் பாக் நீரிணை நீரும் எல்லா மாதத்திலும் ஒரே கரிப்பில் இருப்பதில்லை. ஒவ்வொன்றிலும் 500 கிராம், மளிகைக் கடைத் தராசில் நிறுத்தது. இரண்டும் ஒரே அறையில், ஒரே உயரத்தில். ஒன்றின் மேல் மேசை விசிறி வீசட்டும், மற்றதன் மேல் வீசாமல் இருக்கட்டும். பாதியில் இடம் மாற்றி வைத்தால், சன்னல் பக்கம் இருந்ததால் வந்த வேறுபாடும் அடிபட்டுப் போகும்.

அந்த அறையின் ஈரப்பதத்தை நம்மால் நிறுத்தி வைக்க முடியாது. மதியம் ஒன்று இருக்கும், விடியற்காலை வேறொன்று இருக்கும். இருந்தாலும் எந்த நேரத்திலும் இரண்டு தட்டுக்கும் ஒரே ஈரப்பதம் கிடைக்கும்படி செய்யலாம். கட்டுப்படுத்துவது என்றால் அசையாமல் பிடித்துவைப்பது என்று மட்டும் பொருளில்லை. இரண்டு பக்கமும் சமமாகப் படவிட்டாலும் போதும். உப்பளத்தில் இதே சோதனையைச் செய்ய நினைத்தால் அடுத்தடுத்த இரண்டு பாத்திகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

எதை அளப்பது? உப்பு எவ்வளவு பூத்தது என்று கண்ணால் மதிப்பிட்டால் ஆளுக்கு ஆள் மாறும். மூன்று மணிக்கு ஒருமுறை தட்டை நிறுத்துப் பாருங்கள். உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த எடை முழுவதும் போன தண்ணீர்தான். வெயிலுக்குத் தனியாக ஒரு சோதனை. இரண்டு தட்டும் மாடியில், ஒன்றுக்கு மட்டும் நான்கு பக்கமும் திறந்த உயரமான ஓலைப் பந்தல். காற்று இரண்டுக்கும் ஒன்று, வெயில் மட்டும் வேறு.

இங்கேதான் உப்பு ஒரு வேடிக்கை காட்டுகிறது. கடல்நீரின் அடர்த்தியை நாம் சமமாக வைத்துத்தான் தொடங்கினோம். விசிறிக் காற்று படும் தட்டில் தண்ணீர் வேகமாகக் குறையக் குறைய, அதன் கரிப்பு மற்றதைவிடக் கூடிக்கொண்டே போகும். கரிப்பு கூடினால் ஆவியாதல் மந்தமாகும். கட்டுப்படுத்திவிட்டோம் என்று நாம் நம்பிய மாறி, நமக்குத் தெரியாமலே நகர்ந்துவிட்டது. உப்பு இதற்குமேல் கரையாது என்ற நிலையை எட்டிய நீருக்கு மேலே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஆவியாதல் நின்றே போகும், மாறாகக் காற்றிலுள்ள ஈரத்தை அந்த நீர் இழுக்கத் தொடங்கும். அடைமழை நாளில் சமையலறை உப்பு ஜாடி கசிவதற்கும் இதுதான் காரணம். ஆகவே முதல் சில மணி நேரத்து எடையை மட்டும் ஒப்பிடுவது நல்லது. முழுவதும் வற்றும்வரை காத்திருந்தால் காற்றின் வேலையும் கரிப்பின் வேலையும் கலந்துவிடும்.

உப்பளம் கரிப்பு என்ற இந்த மாறியைத் தினமும் பாமே என்ற டிகிரியில் அளக்கிறது. கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி பாமே. கடல்நீரைத் தேக்கும் தெப்பத்திலிருந்து பாத்தி பாத்தியாக நகர்ந்து 13, 14-ஐத் தாண்டும்போது ஜிப்சம் படியும். 25-ஐ ஒட்டி உப்பு பூக்கும். அதற்குள் கடல்நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். 29, 30-ஐத் தொட்டால் மிச்ச நீரைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். இந்த டிகிரியைக் காட்டும் கண்ணாடிக் குழாய் மிதப்பதைப் பார்த்து மடையைத் திறப்பவர்கள், மாறி என்ற சொல் இல்லாமலே அதைக் கண்காணிக்கிறார்கள்.

கடல்நீர் ஒரு புகழ்பெற்ற சோதனையிலும் உண்டு. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே உணவு. மருந்து மட்டும் ஆறு விதம். ஒரு ஜோடிக்குத் தினமும் கடல்நீர், பாவம். இன்னொரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். பழம் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். மருந்துக்கு இருவர் என்பது மிகக் குறைவு என்று இன்றைக்குச் சொல்வோம். ஆனாலும் மற்றதைச் சமமாக வைத்தார் என்பதால்தான் அந்த முடிவை நம்ப முடிந்தது. பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாற்றைக் கொடுக்க முடிவு செய்தது 1795-இல்தான், அது வேறு கதை.

கடலோரப் பள்ளி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு தட்டு போதாது, மூன்று தட்டுகளாவது வையுங்கள். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எடுத்துப் போகும் அட்டையில் எதை மாற்றினோம், எதை அளந்தோம், எதைச் சமமாக வைத்தோம், எதைச் சமமாக வைக்க முடியவில்லை என்று நான்கையும் எழுதுங்கள். நான் நடுவராக இருந்தால் அந்த நான்காவதைத்தான் முதலில் படிப்பேன். அது காலியாக இருந்தால் பரிசு கிடையாது.