உலை வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லணும்

தாமிரபரணிப் பக்கம் டென்ட் போட்டுத் தங்கணும்னு கிளம்புற நண்பர்கள் திரும்பத் திரும்ப என்கிட்ட கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "தங்க இடம் கிடைச்சிருச்சு. சாப்பாட்டுக்கு எங்க போறது? வண்டியை எடுக்காம, நடந்தே போய் நல்லா சாப்பிட முடியுமா?"

முடியும். ஆனா சென்னையிலயோ பெங்களூர்லயோ தேடுற மாதிரி போனைத் திறந்து தேடினா கிடைக்காது. கூகுள் மேப்ல அந்த ஊர்ல ஒரு ஹோட்டலும் காட்டாது. நட்சத்திரம் கிடையாது, போட்டோ கிடையாது. ஆனா அதே ஊர்ல காலையில 7 மணிக்கு ஒரு வீட்டு வாசல்ல இருபது பேர் இட்லி வாங்க நின்னுட்டு இருப்பாங்க.

நான் எந்த இடத்தைச் சொல்றேன்னு முதல்ல சொல்லிடறேன். திருநெல்வேலிக்கு மேற்கே அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், பாபநாசம், மணிமுத்தாறு. பொதிகை மலையில பிறந்த ஆறு சமவெளிக்கு இறங்கி, வாய்க்கால் வாய்க்காலா பிரிஞ்சு வயலுக்குள்ள போற பகுதி. மேல மலை முழுக்க களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். முண்டந்துறை 1962ல சரணாலயம் ஆச்சு, களக்காடு 1976ல. ரெண்டையும் சேர்த்து 1988ல புலிகள் காப்பகமா அறிவிச்சாங்க. தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம் அதுதான். அதுக்குள்ள நம்ம இஷ்டத்துக்கு டென்ட் அடிக்க முடியாது. அதனால நீங்க தங்கப்போறது சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், அடிவாரத்துல யாரோ ஒருத்தரோட தென்னந்தோப்பு, மாந்தோப்பு, இல்லைன்னா வயலோரம்.

காட்டுக்குள்ள கூட்டமா தங்கிச் சமைச்சுச் சாப்பிடுறதுக்கு வருஷத்துல ஒரே ஒரு சமயம் உண்டு. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசை. கேம்பிங்னு இன்னைக்கு நாம சொல்ற விஷயத்தை எங்க ஊர்ச் சனங்க எத்தனையோ தலைமுறையா செஞ்சுட்டு இருக்காங்க. பேருதான் வேற. "குடில் போடுறது"ன்னு சொல்வாங்க. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசின்னு பல ஊர்லேர்ந்து குடும்பம் குடும்பமா வந்து ஆத்தங்கரையில குடில் போட்டுத் தங்குவாங்க. அண்டா, அரிசி, பலசரக்கு, குழந்தைகுட்டி எல்லாம் கூடவே வரும். முன்னாடி பல நாள் தங்குவாங்க. இப்ப புலிகள் காப்பகம்கிறதால சில நாள்தான் அனுமதி. சொந்த வண்டிக்குக் கட்டுப்பாடு, பிளாஸ்டிக்குக்குத் தடை.

அந்தக் கோயில்ல அய்யனாருக்குச் சைவப் படையல். பக்கத்துலயே இருக்கிற பரிவார சாமிகள்ல பல பேருக்குக் கிடா வெட்டு. அங்க பட்டவராயன்னு ஒரு சாமி. முத்துப்பட்டன் கதையா வில்லுப்பாட்டுல கேட்டிருப்பீங்க. பிராமணரா பிறந்து, செருப்புத் தைக்கிற குடும்பத்துல பொம்மக்கா, திம்மக்கான்னு ரெண்டு பொண்ணுங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவர். அவருக்குக் காணிக்கையே செருப்புதான். சாதி பார்த்து இலை போட்ட காலத்துல இப்படி ஒரு கதையைச் சாமியா வச்சுக் கும்பிட்ட கோயில், அந்தக் கோயில் வாசல்ல இத்தனை அடுப்பு. எனக்கு அந்த இடம் பிடிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு வருஷம் அங்க போயிருந்தப்ப, முன்னப்பின்ன தெரியாத ஒரு குடில் வாசல்ல மழைக்கு ஒதுங்கி நின்னேன். உள்ளேர்ந்து ஒரு ஆச்சி, "சாப்ட்டாச்சா தம்பி?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்றதுக்குள்ள இலை வந்துருச்சு. சோறு, கறிக்குழம்பு, ரசம். "உங்க வீட்டாளுக்குப் பத்துமா ஆச்சி?"ன்னு கேட்டேன். "வர்றவங்களையும் சேத்துத்தான் உலை வச்சோம், நீ சாப்பிடு"ன்னாங்க.

இந்த ஒரு வரியிலதான் நம்ம கேள்விக்குப் பதில் இருக்கு. திருவிழாவுல உலை வைக்கும்போதே உங்களையும் எண்ணியாச்சு. மத்த நாள்ல, அடிவாரத்து ஊர்ல, உங்களை யாரும் எண்ணலை. நீங்க வந்திருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. அதனால அங்க சாப்பாட்டை "கண்டுபிடிக்க" முடியாது, முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

எப்படின்னு வேளை வேளையா பார்ப்போம்.

காலைச் சாப்பாடு சுலபம். ஊருக்கு ஒரு இட்லிக்கடையாவது இருக்கும். கடைன்னா போர்டு எல்லாம் தேடாதீங்க. வீட்டுத் திண்ணை, ஒரு அடுப்பு, ஒரு இட்லிக் கொப்பரை. ஆறரை மணிக்கு ஆரம்பிச்சா ஒம்போது மணிக்குள்ள தீர்ந்துரும். பத்து மணிக்குத் தூங்கி எழுந்து போனீங்கன்னா பாத்திரம் கழுவிட்டு இருப்பாங்க. அந்த இட்லி ஏன் அப்படி இருக்குன்னு கேட்டா, அரிசியும் ஒரு காரணம். அம்பாசமுத்திரத்துல 1937லேர்ந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்கேர்ந்து 1986ல வந்த ரகம்தான் அம்பை 16. குண்டு அரிசி. நம்ம ஆட்கள் தட்டுல அந்தச் சோத்தைப் பார்த்துட்டு "ரேஷன் அரிசியா?"ன்னு கேட்கிறதை நானே பார்த்திருக்கேன். தயவுசெஞ்சு கேட்காதீங்க. அங்க அதுதான் நல்ல அரிசி.

ராத்திரிச் சாப்பாடும் பெரிய பிரச்சினை இல்லை. கொஞ்சம் பெரிய ஊரா இருந்தா சாயங்காலம் ஆறு மணிக்குப் பரோட்டாக்கடை கல்லு சூடாகிரும். விக்கிரமசிங்கபுரம் பக்கம் தங்கினீங்கன்னா கவலையே வேண்டாம். 1880கள்ல ஹார்வி கம்பெனி ஆரம்பிச்ச பஞ்சாலையைச் சுத்தி வளர்ந்த ஊர் அது. ஷிப்டு முடிஞ்சு வர்றவங்களுக்குச் சாப்பாடு போட்டுப் பழகின ஊர்ல கடைக்குப் பஞ்சம் இருக்காதுங்கிறது என்னோட கணக்கு.

சிக்கல் மத்தியானம்தான். இந்த ஊர்கள்ல மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை கிடையாது. ஏன் இருக்கணும்? எல்லாரும் வீட்டுலதான் சாப்பிடுறாங்க. வயல் வேலைக்குப் போறவங்க தூக்குவாளியில கொண்டுபோறாங்க. டவுன்ல இருந்து வந்த நம்ம ஆட்கள் ஒரு மணிக்குப் பசியோட ஊரைச் சுத்தி வந்துட்டு, டீக்கடையில வடையும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, "அங்க ஒண்ணுமே கிடைக்காது ப்ரோ"ன்னு எழுதிடுவாங்க.

வழி என்னன்னா, காலையில இட்லி சாப்பிடும்போதே கேட்கணும். நான் போன ஊர்ல இப்படித்தான் நடந்துச்சு.

"ஆச்சி, மத்தியானம் நாலு பேருக்குச் சோறு கிடைக்குமா?"

"இப்பச் சொன்னா கிடைக்கும். உலை வச்ச பொறவு வந்து கேட்டியன்னா நான் எங்க போவேன்?"

"என்ன குழம்பு ஆச்சி?"

"எங்களுக்கு என்னவோ அதுதான் உங்களுக்கும்."

அன்னைக்குக் கிடைச்சது சோறு, கத்தரிக்காய் போட்ட புளிக்குழம்பு, காணத் துவையல், ரசம், மோர், கல்லிடைக்குறிச்சி அப்பளம். காணம்னா கொள்ளு. வறுத்து, தேங்காயும் வத்தலும் வச்சு அம்மியில அரைச்சது. ஆத்துல குளிச்சுட்டு வந்த பசிக்கு அந்தத் துவையலை மட்டும் வச்சே ரெண்டு தடவை சோறு வாங்கினோம். கேம்ப்லேர்ந்து அந்த வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை, வாய்க்கால் கரையோட.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். "எங்களுக்கு ஆத்தெண்டிக்கா சொதி வேணும்"னு போய்க் கேட்காதீங்க. சொதி திருநெல்வேலியோட பெருமைதான், ஒத்துக்கிறேன். ஆனா அது கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுற விருந்துச் சாப்பாடு. தேங்காயைத் திருகி முதல் பால், ரெண்டாம் பால், மூணாம் பால்னு தனித்தனியா எடுக்கணும். காய்கறியும் பாசிப்பருப்பும் தண்ணிப் பால்ல வேகணும். கெட்டிப் பாலைக் கடைசியில ஊத்தி, கொதிக்க விடாம இறக்கணும், இல்லைன்னா திரிஞ்சுரும். எலுமிச்சை இறக்கின பிறகு. அவ்வளவு தேங்காய்ப் பாலும் செரிக்கணுமேன்னு கூடவே இஞ்சிப் பச்சடி. நாலு பேருக்காக ஒரு வீட்டுல திடீர்னு பண்ற சமாச்சாரம் இல்லை. அவங்க வீட்டுல அன்னைக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும்னா அதைச் சாப்பிடுங்க. முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு கிடைச்சா உங்க அதிர்ஷ்டம். (அல்வா பத்திக் கேட்கிறவங்களுக்கு: அது சாப்பாடு இல்லை, நடக்கிற தூரத்துலயும் இல்லை.)

அடுத்து, "நடக்கிற தூரம்". நகரத்துல ஒரு கிலோமீட்டர், ரெண்டு கிலோமீட்டர்னு கணக்குப் போடுவோம். அடிவாரத்துல அதைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்லணும். பகல்ல ரெண்டு கிலோமீட்டர் நடக்கிற தூரம். இருட்டினதுக்கு அப்புறம் தோப்பு வழியா அரை கிலோமீட்டர்கூட நடக்கிற தூரம் இல்லை. மிகைப்படுத்திச் சொல்லலை. 2022 நவம்பர்ல, கடையம் பக்கம் சிவசைலம் போற வழியில, மசாலாப் பொருள் விக்க பைக்குல போனவரைக் கரடி தாக்குச்சு. காப்பாத்தப் போன ரெண்டு பேரையும் குதறிருச்சு. அது நடந்தது பட்டப்பகல்ல. 2024 மே மாசம் பாபநாசம் பக்கம் வேம்பையாபுரம், அனவன்குடியிருப்புன்னு ஊர்களுக்குள்ள வந்த சிறுத்தைகளை வனத்துறை கூண்டு வச்சுப் பிடிச்சாங்க. அங்க இருக்கிறவங்க ஆடு மாடு நாயோட அந்த பயத்துலதான் தினமும் இருக்காங்க. அதனால ராத்திரிப் பரோட்டாவை முடிஞ்ச அளவு சீக்கிரமே போய் வாங்கிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிருங்க. கடைக்காரரே சொல்வார். "சீக்கிரம் போய்ச் சேருங்க தம்பி"ன்னு சொன்னா, கடையை மூட அவசரப்படுறார்னு நினைக்காதீங்க.

சரி, இவ்வளவு தொல்லை எதுக்கு, நாங்களே அடுப்பு மூட்டிச் சமைச்சுக்கிறோமேன்னு சிலர் கேட்பீங்க. எனக்கு இதுல கறாரான கருத்து உண்டு. ஆத்தங்கரையில வேண்டாம். கோடையில காஞ்ச சருகுல ஒரு பொறி விழுந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. மிச்சச் சோத்தைக் கொட்டினா முதல்ல குரங்கு வரும், ராத்திரி காட்டுப்பன்னி வரும், பன்னியைத் தேடி அதுக்குப் பின்னால வர்ற ஆளைப் பத்தி இப்பத்தான் பேசினோம். நூடுல்ஸ் கவர், எண்ணெய்ப் பாக்கெட் எல்லாம் ஆத்துல போகும். பாபநாசம் படித்துறையில பரிகாரம்னு சொல்லித் துணியைத் தண்ணியில விட்டுட்டுப் போறதைத் தடுக்கவே ஊர்ல படாதபாடு படுறாங்க. நீங்க பாத்திரம் கழுவின தண்ணிக்குக் கீழதான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்குது.

இன்னொரு பக்கமும் இருக்கு. நாலு பேரு ரெண்டு நாள் தங்குறீங்க. சூப்பர் மார்க்கெட்ல ரெண்டாயிரம் ரூபாய்க்குப் பாக்கெட் பாக்கெட்டா வாங்கிட்டு வந்து, அந்த ஊர்ல பத்து ரூபாகூடச் செலவழிக்காம, குப்பையை மட்டும் அந்த ஊர்லயே விட்டுட்டுத் திரும்பினா, டென்ட் போட வர்றவங்களைப் பத்தி அவங்க என்ன நினைப்பாங்க? அடுத்த தடவை தோப்புக்காரர் இடம் தர யோசிப்பார். அந்த ரெண்டாயிரத்துல பாதி இட்லிக்கடை ஆச்சிக்குப் போனா, அடுத்த வாரம் வர்றவங்களுக்கும் அவங்க அரிசியைக் கூடுதலாப் போட்டு வைப்பாங்க.

காசு விஷயத்தைக் கூச்சப்படாம முதல்லயே பேசிருங்க. "தலைக்கு எவ்வளவு ஆச்சி?"ன்னு கேளுங்க. நிறைய பேர் "பாத்துக் குடுங்க"ன்னு சொல்வாங்க. அதை நம்பிக் கையில இருக்கிற சில்லறையைக் குடுத்துட்டு வந்துராதீங்க. பக்கத்து டவுன்ல ஒரு முழுச் சாப்பாடு என்ன விலையோ, அதுக்குக் குறையாம குடுங்க. மீன், கோழின்னு கேட்டா பாதிப் பணத்தைக் காலையிலயே குடுத்துருங்க, அவங்க வாங்கிட்டு வரணுமில்ல. நாலு பேருன்னு சொல்லிட்டு ஆறு பேரா போகாதீங்க. அருவியில குளிச்ச மப்புல வராம இருந்துராதீங்க, அது அதைவிட மோசம். உங்களுக்காகப் போட்ட ரெண்டு உழக்கு அரிசியை அந்த வீட்டுல ராத்திரி தண்ணி ஊத்தி வச்சு மறுநாள் அவங்கதான் சாப்பிடணும்.

போன்ல பணம் அனுப்புற வசதி பல இடத்துல வந்துருச்சு. ஆனா மலையடிவாரத்துல சிக்னல் எப்ப இருக்கும், எப்ப போகும்னு சொல்ல முடியாது. அம்பாசமுத்திரத்துல இறங்கும்போதே நூறு ரூபாய் நோட்டா கொஞ்சம் எடுத்து வச்சுக்குங்க. சாப்பிட ஆளுக்கு ஒரு தட்டும் டம்ளரும் கொண்டு போங்க. வாழை இலை அந்த ஊர்ல தாராளம், ஆனா மழை நாள்ல தோட்டத்துக்குள்ள போய் இலை அறுத்துட்டு வர்றதும் அந்த ஆச்சிதானே.

அடுத்த எபிசோட்ல கல்லிடைக்குறிச்சி அப்பளம் போடுற ஒரு வீட்டுக்குப் போறோம். சந்திப்போம்.