பஞ்சாயத்து ஃபைலில் யார் கையெழுத்து?

(கிருமாம்பாக்கம் இளைஞர் கூட்டத்தில் நமது ஐடி விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)



பி.டெக் முடிச்சுட்டு இப்ப அஞ்சல் வழியில எம்.ஏ. பொது நிர்வாகம் படிக்கிறேன். "கலெக்டர் பரீட்சைக்கா?"ன்னு கேக்கறாங்க. இல்லீங்க, அரசாங்கம் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கத்தான்.

ஆரம்பப் பாடமே உட்ரோ வில்சன். பின்னாளில் அமெரிக்க அதிபர் ஆனவர். அரசியல் வேற, நிர்வாகம் வேறன்னு 1887-ல் எழுதினார். என்ன வேணும்னு முடிவு பண்றது மக்களோட பிரதிநிதி. அதைச் செஞ்சு முடிக்கிறது அதிகாரி.

இதை வெச்சு நம்ம பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தைப் பாருங்க. எந்தத் தெருவுக்கு வாய்க்கால்னு முடிவு பண்றதும் அதிகாரி. செய்யறதும் அதிகாரி. ஒழுங்கா செஞ்சாச்சான்னு பாக்கறதும் அதிகாரி!

ஏன்? புதுச்சேரியில 1968-க்கு அப்புறம் 38 வருஷம் கழிச்சு, 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்துச்சு. 2011-ல் பதவிக்காலம் முடிஞ்சுது. 2021-ல் தேதி அறிவிச்சாங்க. இடஒதுக்கீடு வழக்கு, குளறுபடின்னு அதுவும் நின்னுபோச்சு. இந்தக் கூட்டத்துல 35 வயசுக்குக் கீழ இருக்கிற யாரும் பஞ்சாயத்துக்கு ஓட்டுப் போட்டதே கிடையாது!

ஆனா அரசியலமைப்புச் சட்டம் 243இ பிரிவு என்ன சொல்லுது? அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள அடுத்த தேர்தலை நடத்தி முடிச்சிருக்கணும். யூனியன் பிரதேசத்துக்கும் இது பொருந்தும்.

அதிகாரியைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. அவர் பதில் சொல்ல வேண்டியது மேலதிகாரிக்கு. நாளைக்கே மாற்றல் வந்தா போயிடுவார். வார்டு உறுப்பினர் அப்படிப் போக முடியாது. நம்ம தெருவுலயே இருப்பார். காலையில டீக்கடையில நிறுத்திக் கேக்கலாம், அடுத்த தேர்தல்ல தோக்கடிக்கலாம். "எம்.எல்.ஏ. இருக்காரே"ம்பீங்க. தொகுதி முழுக்கப் பாக்கறவருக்கு உங்க வீட்டு முன்னாடி எரியாத விளக்கு எப்படித் தெரியும்?

முதலமைச்சருக்கு அதிகாரமா, துணைநிலை ஆளுநருக்கு அதிகாரமான்னு நாம தினம் மீம் போடறோம். அந்தச் சண்டையும் வேணும்தான். ஆனா அதுல கால்வாசி சத்தமாவது நம்ம ஊர் ஓட்டுக்காகப் போட்டோமா?

ரெண்டு வேலை செய்யுங்க. உங்க தெருவுக்குப் போன வருஷம் எவ்வளவு ஒதுக்கினாங்க, எவ்வளவு செலவாச்சுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. 30 நாள்ல பதில் தரணும். வந்த பதிலை நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க, ஊரறியப் போடுவோம். வீடு வீடாப் போகும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: "உங்க பஞ்சாயத்துத் தலைவர் யாரு?"

பதில் வராது. அந்த மௌனத்துல இருந்துதான் நம்ம வேலை ஆரம்பிக்குது.



#உள்ளாட்சித்_தேர்தலை_நடத்து