கல்லாவை எண்ணுகிறோம், கர்ப்பிணியின் சர்க்கரையை எண்ணினோமா?

(வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டமொன்றில் ஜவுளி வியாபாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கர்ப்பகாலச் சர்க்கரை நோய் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், 'இதைப் பெண்கள் கூட்டத்தில் அல்லவா பேச வேண்டும்?' என்று பின்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. இல்லை தம்பி. நாம் கேட்க வேண்டிய விஷயம்தான் இது. ஏன் என்று என் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன்.

என் மகள் தலைப்பிரசவத்திற்கு ஏழாம் மாதத்தில் எங்கள் வீட்டிற்கு வந்தாள். புகுந்த வீட்டு ஊரில் மருத்துவர் எழுதிக் கொடுத்த சோதனைச் சீட்டு அவள் கைப்பையில் இருந்தது. 'எடுத்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள்' என்று நாங்கள் நினைத்தோம். 'தாய்வீட்டில் எடுத்துக்கொள்வார்கள்' என்று அவர்கள் நினைத்தார்கள். மகளே ஒருநாள் கேட்டாள், 'வாப்பா, அந்தச் சோதனைக்குப் போகணுமே' என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'பெருநாள் வியாபாரம் முடியட்டும்மா' என்றேன்.

வியாபாரம் முடிந்தது. சீட்டு பைக்குள்ளேயே கிடந்தது. குழந்தை நாலு கிலோவைத் தாண்டிப் பிறந்தது. உறவினர்கள் 'மாஷா அல்லாஹ், கொழுகொழுவென்று இருக்கிறான்' என்றார்கள். ஒரு மணி நேரத்தில் பிள்ளை துவண்டு போனான். இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று தனி அறைக்கு எடுத்துச் சென்றார்கள். இரண்டு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். இறைவன் காப்பாற்றினான். ஆனால் தவறு என்னுடையது.

ஏன் வருகிறது?

'இனிப்பு அதிகம் தின்றாள், அதனால் வந்தது' என்று மருமகளைக் குறை சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அது சரியல்ல. நஞ்சுக்கொடியில் சுரக்கும் சில ஹார்மோன்கள் தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. கூடுதலாக இன்சுலின் சுரக்க முடிந்த பெண்ணுக்குப் பாதிப்பில்லை. முடியாதவளுக்குச் சர்க்கரை ஏறுகிறது. அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகிறது. பிள்ளையின் கணையம் அதைச் சமாளிக்க அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது, உடல் பெருக்கிறது. பிறந்து தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது. இன்சுலின் மட்டும் மிஞ்சுகிறது. என் பேரன் துவண்டது இதனால்தான்.

பெரும்பாலும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. சோதித்தால்தான் தெரியும். அரிதான நோயும் அல்ல. 2008ல் வெளியான தமிழ்நாட்டு ஆய்வொன்றில், நகர்ப்புறக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதத்தினருக்கும், கிராமப்புறத்தில் 9.9 சதவீதத்தினருக்கும் இது இருந்தது. அந்த ஆய்வை நடத்திய குழுவின் தலைவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று தமிழக அரசு 2007லேயே உத்தரவிட்டது. அரசு செய்தது, வீட்டில் இருக்கும் நாம் செய்தோமா?

எப்போது, எப்படி?

கர்ப்பம் உறுதியாகி முதன்முறை மருத்துவரிடம் போகும்போதே ஒருமுறை. அதில் இல்லை என்றால் 24 முதல் 28 வாரத்திற்குள் மறுமுறை. இதைக் கவனியுங்கள். 24 முதல் 28 வாரம் என்றால் ஆறாம், ஏழாம் மாதம். நம் பெண்கள் புகுந்த வீட்டிலிருந்து தாய்வீட்டிற்குப் பயணப்படும் காலம்! இரண்டு வீட்டிற்கும் நடுவில் சோதனை தவறிப் போவது இங்கேதான்.

75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அவ்வளவுதான் வேலை. இதற்கு ஒரு பகல் கடையை மகனிடமோ தம்பியிடமோ விட்டுவிட்டுப் போக முடியாதா?

கடை நேரமும் சாப்பாட்டு நேரமும்

நோய் இருப்பது தெரிந்தால் முதல் வைத்தியம் உணவுதான். பட்டினி போடுவதல்ல. சோற்றைக் குறைத்து, காய்கறி, பருப்பு, மீன், முட்டையைக் கூட்டி, வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். 'இரண்டு உயிருக்குச் சாப்பிடு' என்று சர்பத்தும் வட்டலப்பமும் ஊட்டக் கூடாது. மருத்துவர் அனுமதித்தால் தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும்.

நாம் கடையடைத்து வீடு சேர இரவு பத்தரை மணி. அதுவரை மனைவி சாப்பிடாமல் காத்திருப்பாள். பிறகு நம்மோடு உட்கார்ந்து புரோட்டாவோ பிரியாணியோ சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பாள். கர்ப்பிணிக்கு இது கெடுதல். 'எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிடு, எனக்காகக் காத்திருக்காதே' என்று கணவன் வாய் திறந்து சொல்ல வேண்டும். வளைகுடாவில் இருக்கும் தம்பிகளே, தொலைபேசியில் 'சாப்பிட்டாயா' என்று கேட்பதோடு 'சர்க்கரை எவ்வளவு' என்றும் கேளுங்கள். வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழ் இருக்க வேண்டும்.

இரண்டு வாரம் உணவில் கட்டுப்படாவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள். 'இன்சுலின் பன்றியிலிருந்து எடுப்பது' என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். ஒரு காலத்தில் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது உண்மை. 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கும் மனித இன்சுலின் வந்துவிட்டது. சந்தேகமிருந்தால் மருந்துக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஊசியை நிறுத்திவிடாதீர்கள். 'போட்டால் ஆயுசுக்கும் போட வேண்டும்' என்பதும் தவறு. பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு நின்றுவிடும்.

ரமலான் வந்தால் இந்த நிலையிலும் நோன்பு வைப்பேன் என்று நம் பெண்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். மார்க்கம் சலுகை தந்திருக்கும்போது அவளை வற்புறுத்தவோ, வைக்காததற்காக ஏளனமாகப் பார்க்கவோ நாம் யார்? மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பிரசவத்தோடு விஷயம் முடிவதில்லை. பிள்ளைக்கு முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் கொடுக்க வேண்டும். ஆறு வாரம் கழித்துத் தாய்க்கு மறுபடி சோதனை வேண்டும். இந்த நோய் வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சகோதரர்களே! ஒவ்வொரு இரவும் கல்லாவை எண்ணாமல் நாம் கடையைப் பூட்டுவதில்லை. இன்று வீட்டிற்குப் போனதும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'சோதனைச் சீட்டு எங்கே?' பைக்குள் இருந்தால் நாளைக் காலையிலேயே அழைத்துச் செல்லுங்கள். பெருநாள் வியாபாரம் அடுத்த ஆண்டும் வரும்.