இரத்தப் புற்றுநோயும் தலையெழுத்தும்

ஒரு குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் கண்டால் நம் ஜனங்கள் "பூர்வ ஜென்ம பாவம்" என்றும், "தலையெழுத்து" என்றும் சொல்லுகிறார்கள். பால்குடி மறவாத குழந்தை என்ன பாவம் செய்தது என்று கேட்டால் பதில் கிடையாது. சரி, தலையெழுத்தென்றே வைத்துக் கொள்வோம். அப்படியானால் அதை ஒருவராலும் மாற்ற முடியாதல்லவா? மாற்றிக் காட்டியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கின்றோம்.

அமெரிக்காவில் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் 2012-ஆம் ஆண்டு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். மருந்து கொடுத்தும் நோய் இருமுறை திரும்பிவிட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக் கார்ல் ஜூன் என்பவரும் அவரது கூட்டத்தாரும் ஆராய்ந்து கண்ட முறையை வைத்தியர்கள் கையாண்டார்கள். அவள் இரத்தத்திலிருந்தே டி அணுக்கள் என்னும் காவல் அணுக்களை எடுத்தார்கள். எந்தக் கிருமியைக் கடவுளின் தண்டனையென்று மதக்காரர்கள் பயமுறுத்தினார்களோ, அந்த எய்ட்ஸ் கிருமியின் பல்லைப் பிடுங்கி, அதையே வண்டியாக்கி, புது மரபணு ஒன்றைக் காவல் அணுவுக்குள் அனுப்பினார்கள். உடனே அவ்வணுவின்மேல், புற்றணுவை அடையாளங் கண்டு பிடிக்கும் கொக்கி முளைத்தது. இவ்வணுக்களைப் பெருக்கி, அவள் உடம்பிலேயே திரும்ப ஏற்றினார்கள்.

பிறகு பேராபத்து வந்தது. கடும் ஜுரம், இரத்த அழுத்தம் வீழ்ந்தது, மூச்சுவிடவும் இயந்திரம் வேண்டியதாயிற்று. வைத்தியர்கள் என்ன செய்தார்கள்? இரத்தத்தைச் சோதித்தார்கள். இன்டர்லூகின்-6 என்னும் பொருள் அளவுமீறி ஏறியிருந்தது. அதன் வேலையைத் தடுக்க டோசிலிசுமாப் என்னும் எதிர்ப்புரத மருந்து இருந்தது. மூட்டுவாதத்துக்காக ஜப்பானில் உண்டாக்கப்பட்ட மருந்து அது. அதைக் கொடுத்தார்கள், சில மணி நேரத்தில் ஜுரம் தணிந்தது. குழந்தை பிழைத்தாள். பத்தாண்டுக்கு மேலாகியும் நோய் திரும்பவில்லை. 2017 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கம் அணுச் சிகிச்சைக்கும், அதனால் வரும் ஆபத்துக்கு இம்மருந்தைக் கொடுப்பதற்கும் ஒரே நாளில் அனுமதி தந்தது.

இது எல்லோருக்கும் பலிக்கிறதென்று நாம் சொல்ல வரவில்லை. சிலருக்கு நோய் திரும்புகிறது. ஏன் திரும்புகிறது என்றும் ஆராய்கிறார்கள். காரணத்தைத் தேடுகிறவன் இன்று தோற்றாலும் நாளை கண்டுபிடிப்பான். விதியென்று உட்கார்ந்தவன் எதைக் கண்டுபிடித்தான்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2017-இல் இச்சிகிச்சைக்கு அமெரிக்காவில் வைத்த விலை 4,75,000 டாலர். பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உண்டாக்கிய இதே வகைச் சிகிச்சைக்கு 2023-இல் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. விலை அதைவிட வெகு குறைவென்றாலும், பல லட்ச ரூபாய்க்கு ஒரு கூலிக்காரன் எங்கே போவான்? மருந்து இருந்தும் பணமில்லாமல் சாவது விதியல்ல. மனிதன் செய்து வைத்த ஏற்பாடு. அதை மாற்றும்படி சர்க்காரைக் கேட்பது நம் உரிமை.

ஆகையால் தோழர்களே! குழந்தைக்கு விடாத ஜுரமோ, வெளிறலோ, காரணமின்றி உடம்பில் நீலத் தழும்போ கண்டால் மந்திரிக்கப் போகாதீர்கள். தாயத்துக் கட்டி நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சோதியுங்கள்.