போர்முனைப் பட்டு மடல்கள்

(திருவெறும்பூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்தில் நம் தேசத்தினின்றும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பிரான்ஸ் சென்றனர். அந்நாட்டில் மெல்லிய பட்டின்மீது வர்ண நூலால் பூக்களும் கொடிகளும் வாழ்த்துமொழிகளும் தைத்து, அட்டையில் ஒட்டி, சிப்பாய்களுக்கு விற்றனர். சிலவற்றில் பட்டே சிறு பையாக அமைந்து, உள்ளே ஒரு சீட்டும் இருக்கும். பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலர் இவற்றைக் கடிதவுறைக்குள் வைத்துத் தாய்க்கும் மனைவிக்கும் அனுப்பினர்.

நம் தேசத்தார் கடிதங்கள் பலவும் பிறர் கையால் எழுதப்பெற்று, தணிக்கை அதிகாரிகளின் பார்வைக்குட்பட்டே ஊர் சேர்ந்தன. மனத்திலுள்ளதைப் பிறர் முன் சொல்லக் கூசுபவனுக்கு ஒரு பூத்தையல் எத்துணை உதவியாகும்!

ஆயினும் பட்டு தானே பேசாது. பெயரெழுதாத மடல் எவருடையதென்று இன்று யார் சொல்வார்? திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டருகேயுள்ள யுத்த ஞாபகச் சின்னம் சென்றவர் தியாகத்தைக் கூறும். அவர்தம் அன்பைக் கூறுவது வீட்டுப் பெட்டியிலுள்ள பொருளேயன்றோ?

ஆகையால், நம் குடும்பங்களில் பட்டாளம் சென்றவர் அனுப்பிய துணியோ கடிதமோ இருப்பின், வெயிலும் ஈரமும் படாமல் காத்து, அனுப்பினவர் பெயர், பெற்றவர் பெயர், வருஷம் ஆகிய மூன்றையும் தனிக் காகிதத்தில் எழுதி உடன் வைக்குமாறு வேண்டுகிறோம். விவரம் அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டெழுதுவோமாக.